ரோஸ் பையா, ரோஸ் டூவா? ஆங்கில வகுப்பில் புள்ளிவிவரம் பேசப் பழகுவோம்

ஒரு மாணவி பலகைக்கு முன்னால் நின்று ஒரு கோட்டு வரைபடத்தை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நூலக உறுப்பினர்களின் எண்ணிக்கை பற்றிய படம். முதல் ஆண்டில் 40 பேர், அடுத்த ஆண்டில் 60 பேர். கோடு அழகாக மேலே ஏறியது. அவர் குரலிலும் தயக்கமே இல்லை. "தி நம்பர் ஆஃப் மெம்பர்ஸ் ரோஸ் டூ ட்வென்டி" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். "முதல்ல 40 பேர்னு சொன்னீங்க. இப்ப 20 ஆயிடுச்சுன்னா அது குறைஞ்சதுதானே?" மாணவிக்குக் கேள்வியே பிடிபடவில்லை. 20 பேர் கூடியிருக்கிறார்கள், அதைத்தானே சொன்னேன் என்று விழித்தபடி நின்றார்.

அவருக்குக் கணக்கு தெரியும். ஆங்கிலச் சொற்களும் போதுமான அளவு தெரியும். பிசகியது ஒரே ஒரு சின்னச் சொல். "ரோஸ் பை ட்வென்டி" என்றால் 20 பேர் கூடினார்கள். "ரோஸ் டூ ட்வென்டி" என்றால் ஏறி ஏறி 20 என்ற இடத்தில் வந்து நின்றது. அவர் சொல்ல நினைத்தது முதலாவது, வாயில் வந்தது இரண்டாவது.

இந்தக் குழப்பம் நமக்குத் தமிழில் வருவதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "எண்ணிக்கை 20 உயர்ந்தது", "எண்ணிக்கை 20 ஆக உயர்ந்தது" என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். "ஆக" சேர்ந்தால் போய்ச் சேர்ந்த இடம், சேராவிட்டால் ஏறிய தூரம். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆங்கிலத்தில் அதே வேலையை எண்ணுக்கு முன்னால் நிற்கும் தனிச் சொல் செய்கிறது. "ஆக" என்று நினைக்கும் இடத்தில் "டூ", அது இல்லாத இடத்தில் "பை". இந்த ஒரு பொருத்தம் மனதில் உட்கார்ந்துவிட்டால் பாதிப் பிழைகள் ஓடிவிடும்.

ஆங்கில வகுப்பில் புள்ளிவிவரம் என்றதும் பலர் எண்களைப் பார்த்து மிரள்கிறார்கள். என் அனுபவத்தில் எண்கள் அவ்வளவு படுத்துவதில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் "பை", "டூ", "ஆஃப்", "இன்", "அட்", "தேன்" போன்றவைதான் படுத்துகின்றன. ஒரு எண் உண்மையா பொய்யா என்பதையே அவை முடிவு செய்கின்றன. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சின்னச் சொற்களின் பின்னாலேயே போகப் போகிறேன்.

ஏற்ற இறக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். தொடங்கிய இடத்துக்கு "ஃப்ரம்", சேர்ந்த இடத்துக்கு "டூ", நகர்ந்த தூரத்துக்கு "பை". மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பழகுங்கள்: "மெம்பர்ஷிப் ரோஸ் பை ட்வென்டி, ஃப்ரம் ஃபார்ட்டி டூ சிக்ஸ்டி". வினையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லாகச் சொன்னால் சின்னச் சொற்கள் மாறும். "ஆன் இன்க்ரீஸ் ஆஃப் ட்வென்டி" என்றால் எவ்வளவு கூடியது, "ஆன் இன்க்ரீஸ் இன் மெம்பர்ஷிப்" என்றால் எது கூடியது. அளவுக்கு "ஆஃப்", பொருளுக்கு "இன்". ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்பதைச் சொல்ல "அட்": "ஸ்டுட் அட் சிக்ஸ்டி", "பீக்ட் அட் நைன்டி". அப்புறம் "ரைஸ்", "ரெய்ஸ்" இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். தானாக உயர்வது "ரைஸ்", யாரோ உயர்த்துவது "ரெய்ஸ்". தமிழில் உயர்வதும் உயர்த்துவதும் போலத்தான்.

"ஆஃப்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

50 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பு. அதில் 20 பேர் பெண்கள், 30 பேர் ஆண்கள். விருப்ப விளையாட்டாக டென்னிஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் மொத்தம் 10 பேர். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் பெண்கள், 2 பேர் ஆண்கள். இப்போது அந்த எட்டுப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வாக்கியங்கள் சொல்கிறேன்.

"ஃபார்ட்டி பர்சென்ட் ஆஃப் தி கேர்ல்ஸ் சோஸ் டென்னிஸ்." சரிதான், 20 பெண்களில் 8 பேர் என்பது 40 சதவீதம்.

"எய்ட்டி பர்சென்ட் ஆஃப் தோஸ் ஹூ சோஸ் டென்னிஸ் வேர் கேர்ல்ஸ்." இதுவும் சரி. டென்னிஸைத் தேர்ந்தெடுத்த 10 பேரில் 8 பேர்.

"சிக்ஸ்டீன் பர்சென்ட் ஆஃப் தி கிளாஸ் வேர் கேர்ல்ஸ் ஹூ சோஸ் டென்னிஸ்." இதிலும் தவறில்லை, மொத்த வகுப்பான 50 பேரில் 8 பேர்.

அதே எட்டுப் பேர்தான். 40, 80, 16 என்று மூன்று எண்கள் வந்துவிட்டன, மூன்றுமே உண்மை. மாறியது "ஆஃப்" என்பதற்குப் பின்னால் வந்த கூட்டம் மட்டும்தான். சதவீதம் என்பதே ஏதோ ஒன்றில் இத்தனை பங்கு என்பது. அந்த ஏதோ ஒன்றை அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம். அது தெரியாத சதவீதத்தை வைத்து நாம் எதையும் சொல்ல முடியாது. யாராவது "80 பர்சென்ட் கேர்ல்ஸ், டென்னிஸ்" என்று அரைகுறையாகச் சொன்னால், பெண்களில் 80 சதவீதம் பேர் டென்னிஸ் ஆடுகிறார்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் பெண்களில் பாதிப் பேர்கூட ஆடவில்லை.

இங்கே தமிழர்கள் தடுமாறுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தமிழில் அடித்தளம்தான் முதலில் வரும்: "பத்துப் பேரில் மூன்று பேர்", "பெண்களில் 40 சதவீதம்", "நூற்றுக்கு எண்பது". பெரிய கூட்டத்தைக் காட்டிவிட்டு, பிறகு அதிலிருந்து ஒரு பங்கைப் பிரித்துக் காட்டுவோம். ஆங்கிலத்தில் பங்கு முதலில் வந்துவிடும்: "த்ரீ அவுட் ஆஃப் டென்", "ஃபார்ட்டி பர்சென்ட் ஆஃப் தி கேர்ல்ஸ்". மனதில் தமிழில் யோசித்து வாயில் ஆங்கிலத்தைக் கொண்டுவரும்போது, வரிசையைத் திருப்பும் அந்த நொடியில் அடித்தளம் நழுவிவிடுகிறது. இதற்கு நான் வகுப்பில் செய்யச் சொல்லும் பயிற்சி எளிது. ஆங்கில வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் மனதுக்குள் தமிழில் "எதில்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த "இல்" எங்கே இருக்கிறதோ அதுதான் "ஆஃப்" என்பதற்குப் பின்னால் போக வேண்டியது.

இதோடு சேர்ந்த ஒரு இலக்கணம். "பர்சென்ட் ஆஃப்" என்று வந்தால், வினை அதற்குப் பின்னால் வரும் பெயரைப் பார்த்து அமையும். "சிக்ஸ்டி பர்சென்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர்", ஆனால் "சிக்ஸ்டி பர்சென்ட் ஆஃப் தி வாட்டர் இஸ்". "தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்" என்பதற்கு "இஸ்" வரும், ஏனென்றால் பேச்சு அந்த எண்ணைப் பற்றியது. "எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்" என்றால் பல மாணவர்கள் என்று பொருள், அதனால் "ஆர்" வரும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

செய்தி வாசிப்பவர்கள்கூட இங்கே வழுக்குவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தேர்வில் தேர்ச்சி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயர்ந்தது? பத்து சதவீதம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் 40 என்பதில் 10 சதவீதம் வெறும் 4. நாற்பதோடு நாலைக் கூட்டினால் 44 தான் வரும். நாற்பது ஐம்பதானால் அது 25 சதவீத உயர்வு. இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உள்ள கழித்தல் கணக்கை ஆங்கிலத்தில் "பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்" என்பார்கள், தமிழில் சதவீதப் புள்ளி. ஆகவே "ரோஸ் பை டென் பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்" சரி, "ரோஸ் பை ட்வென்டி ஃபைவ் பர்சென்ட்" என்பதும் சரி. "ரோஸ் பை டென் பர்சென்ட்" மட்டும் தவறு. எண்ணோடு சேர்த்துச் சொல்லும்போது "பர்சென்ட்", எண் இல்லாமல் பொதுவாகப் பேசும்போது "பர்சென்டேஜ்" என்பதையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளலாம்: "எ ஹை பர்சென்டேஜ் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்".

இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று நினைத்தால் 1995இல் பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது, அதாவது 100 சதவீதம் கூடுகிறது என்று எச்சரிக்கை வெளியானது. பயந்துபோன ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. அந்த 100 சதவீதத்துக்கு அடியில் இருந்த எண் என்ன தெரியுமா? 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து 7,000 பெண்களில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. இரு மடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் "எதில்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன உண்மை எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த மாதிரி செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் "டபுள்ட்" என்று நிறுத்தாதீர்கள். "ஃப்ரம் ஒன் இன் செவன் தௌசண்ட் டூ டூ இன் செவன் தௌசண்ட்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மடங்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்று. "த்ரீ டைம்ஸ் மோர் தேன்" என்ற சொற்றொடரை முடிந்தவரை தவிருங்கள். 10ஐவிட "மூன்று மடங்கு அதிகம்" என்றால் 30ஆ, 40ஆ? தமிழிலும் இதே குழப்பம் உண்டு. "த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்" என்றால் 30 என்று யாருக்கும் சந்தேகம் வராது.

வளர்ச்சி வேகம் குறைவதையும் வளர்ச்சியே இல்லாமல் போவதையும் கலந்துவிடுவது இன்னொரு பெரிய பள்ளம். உறுப்பினர்கள் 100 பேர், அடுத்த ஆண்டு 120, அதற்கடுத்த ஆண்டு 132. வளர்ச்சி விகிதம் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியிருக்கிறது. ஆனால் உறுப்பினர் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. படத்தில் வளர்ச்சி விகிதக் கோடு கீழே போவதைப் பார்த்து "மெம்பர்ஷிப் ஃபெல்" என்று எழுதினால் அது பச்சைத் தவறு. "மெம்பர்ஷிப் க்ரூ மோர் ஸ்லோலி" என்பதுதான் நடந்தது. பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியும் இப்படித்தான். விலைகள் இன்னமும் ஏறுகின்றன, ஏறும் வேகம்தான் குறைந்தது. அதனால் எந்த வரைபடமானாலும் கோட்டைப் பார்க்கும் முன் அச்சுகளில் எழுதியிருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

"ஆன் ஆவரேஜ்" என்று சொல்லும் முன்

ஏழு மாணவர்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள் என்று கேட்டோம் என்று வையுங்கள். பதில்கள்: 1, 1, 1, 2, 3, 4, 23. கூட்டினால் 35, ஏழால் வகுத்தால் 5. "ஆன் ஆவரேஜ், ஸ்டூடன்ட்ஸ் ரீட் ஃபார் ஃபைவ் அவர்ஸ் எ வீக்." கணக்கு சரி. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவர்கூடச் சரியாக ஐந்து மணி நேரம் படிக்கவில்லை. ஆறு பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். ஒரே ஒருவர் 23 மணி நேரம் படித்து எல்லாரையும் தூக்கிவிட்டார்.

இப்படிக் கூட்டி வகுப்பது "மீன்". வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பவரை எடுத்தால் அது "மீடியன்", தமிழில் இடைநிலை. இங்கே அது 2. அதிகம் பேர் சொன்ன பதில் "மோட்", அதாவது முகடு, இங்கே 1. "ஆவரேஜ்" என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் "மீன்" என்றே எடுத்துக்கொள்வார்கள். இந்த மாதிரி ஒருவர் எட்டி நிற்கும் பட்டியலில் நான் "தி மீடியன் ஸ்டூடன்ட் ரீட்ஸ் ஃபார் டூ அவர்ஸ் எ வீக்" என்றுதான் சொல்வேன். வருமானம் பற்றிய செய்திகளில் "மீடியன்" அடிக்கடி வருவதற்கும் இதுவே காரணம். சிலரது பெரிய வருமானம் சராசரியை மேலே இழுத்துவிடும், நடுவில் நிற்பவரை அவ்வளவு எளிதில் அசைக்காது.

வாயில் எண்கள்

எழுத்தில் 15க்கும் 50க்கும் குழப்பமே வராது. காதில் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே விழும். ஒரு கருத்தாய்வை அறிவிக்கும்போது 15 சதவீதம் 50 சதவீதமாகக் கேட்டுவிட்டால் அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் பயனில்லை. "டீன்" என்று முடியும் எண்களில் அந்தக் கடைசி அசையை நீட்டி அழுத்துங்கள். "டி" என்று முடிபவற்றில் முதல் அசையை அழுத்திவிட்டு முடிவைச் சுருக்கமாக விடுங்கள். இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் பயிற்சியாக இதைச் செய்தால் நன்றாக வரும்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 3.14 என்பது "த்ரீ பாயின்ட் ஒன் ஃபோர்", "த்ரீ பாயின்ட் ஃபோர்ட்டீன்" இல்லை. எண்ணோடு வரும்போது "ஃபைவ் தௌசண்ட்", "டூ மில்லியன்" என்று ஒருமையிலேயே நிற்கும். ஆயிரக்கணக்கில் என்று பொதுவாகச் சொல்லும்போதுதான் "தௌசண்ட்ஸ் ஆஃப்".

லட்சம், கோடியில் வளர்ந்த நமக்கு மில்லியன், பில்லியன் கொஞ்சம் படுத்தும். ஒரு மில்லியன் 10 லட்சம், 10 மில்லியன் ஒரு கோடி, ஒரு பில்லியன் 100 கோடி. காற்புள்ளியும் இடம் மாறும்: நாம் 10,00,000 என்று எழுதுவதை அவர்கள் 1,000,000 என்று எழுதுவார்கள். உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 8 பில்லியனைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணித்தது. அது 800 கோடி. பழைய பிரிட்டிஷ் நூல்களில் பில்லியன் என்பது இன்றைய பில்லியனைப்போல் ஆயிரம் மடங்கு, அதாவது மில்லியன் மில்லியன். பிரிட்டிஷ் அரசு 1974இல்தான் இன்றைய பொருளுக்கு மாறியது. 1974க்கு முந்தைய எண்களை மேற்கோள் காட்டும்போது எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படத்தைப் பேசுவது

இன்று நமக்குப் பழகிப்போன கோட்டு வரைபடமும் பட்டை வரைபடமும் புள்ளிவிவரத்துக்கு வந்ததில் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1786இல் அவர் வெளியிட்ட வணிக வரைபடத் தொகுப்பில் இவை வந்தன. வட்ட விளக்கப்படத்தையும் 1801இல் அவரே அறிமுகப்படுத்தினார். 1858இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் காயங்களைவிட நோய்களாலேயே அதிகம் இறந்தார்கள் என்பதை விசிறிபோல் விரியும் ஒரு வட்டப் படத்தில் காட்டினார். அட்டவணையைப் புரட்டப் பொறுமையில்லாதவர்களுக்கும் பார்த்தவுடன் புரிய வேண்டும் என்பதே அவருடைய கவலை. வகுப்பில் படத்தோடு பேச எழும்போது அந்தக் கவலை நமக்கும் இருக்க வேண்டும்.

காலப்போக்கில் நடந்ததற்குக் கோடு, பல பொருள்களை ஒப்பிடப் பட்டை. வட்டம் ஒரே ஒரு முழுமையின் பங்குகளுக்கு மட்டும்தான். ஒருவரே இரண்டு பதில்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்விக்கு வட்டம் போட்டால் பங்குகளின் கூட்டல் 100ஐத் தாண்டிவிடும்.

பேசும்போது மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, படத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் வரிசையாக வாசிப்பது. "இன் ஜனவரி இட் வாஸ் ட்வெல்வ், இன் ஃபெப்ரவரி இட் வாஸ் ஃபோர்ட்டீன்..." என்று ஆறாவது மாதத்துக்கு வரும்போது கேட்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். முதலில் மொத்தத்தில் என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம்: "ஓவரால், பாரோயிங் ரோஸ் த்ரூ தி இயர், வித் எ டிப் இன் ஆகஸ்ட்." அதன் பிறகு உச்சம், அடிமட்டம், சட்டென்று திரும்பிய இடம் என்று இரண்டு மூன்று எண்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பணி இதைத்தான் கேட்கிறது. ஒரு படத்தைப் பார்த்துக் குறைந்தது 150 சொற்களில், ஏறத்தாழ 20 நிமிடங்களில் எழுத வேண்டும். அதில் அந்த மொத்தப் பார்வை வாக்கியம் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். படத்தில் இல்லாத காரணங்களைக் கற்பனை செய்து எழுதுவதும் அங்கே உதவாது.

ஏறியது இறங்கியது என்பதற்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட வினைகள் உண்டு. அவை எல்லாம் ஒரே எடையில் இல்லை. "ரோஸ்" நடுநிலையானது. "எட்ஜ்ட் அப்" என்றால் மெல்ல நகர்ந்தது, "சோர்ட்" என்றால் விண்ணுக்குப் பாய்ந்தது. "டிப்ட்" கொஞ்சம் இறங்கி மீண்டது, "ப்ளஞ்ச்ட்" தலைகுப்புற விழுந்தது. "லெவல்ட் ஆஃப்" ஏறி வந்து சமநிலையில் நின்றது, "ஃப்ளக்சுவேட்டட்" ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சொல் வளத்தைக் காட்டுவதற்காக 48இலிருந்து 50 ஆனதற்கு "சோர்ட்" போடும் மாணவர்கள் உண்டு. படமும் சில சமயம் அதற்கு உடந்தையாக இருக்கும். செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 47இல் தொடங்கியிருந்தால், 50க்கான பட்டை 48க்கான பட்டையைப்போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும். கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுங்கள்.

காலம் பற்றி ஒரு வரி. படத்தின் ஆண்டுகள் முடிந்துபோனவை என்றால் சாதாரண இறந்தகாலம், "ரோஸ்". அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கிறது என்றால் "ஹேஸ் ரைசன் சின்ஸ்".

யாரைக் கேட்டோம்?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு மாபெரும் கருத்தாய்வு நடத்தியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பினார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் போட்டார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் ஜெயிப்பார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46இல் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் வென்றார். இதழ் முகவரிகளை எடுத்த இடங்களில் தொலைபேசிப் பட்டியலும் கார் பதிவுப் பட்டியலும் இருந்தன. பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். அதிலும் பதில் போட்டது ஆர்வம் இருந்தவர்கள் மட்டும்.

இந்தக் கதையிலிருந்து ஆங்கில வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு சொல்தான்: "ரெஸ்பாண்டன்ட்ஸ்", பதில் சொன்னவர்கள். கேட்டது 40 மாணவர்களை என்றால் "ஸ்டூடன்ட்ஸ் திங்க்" என்று உலக மாணவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேசக் கூடாது. "தி ஸ்டூடன்ட்ஸ் வி ஆஸ்க்ட்" என்று சொன்னால் அதுவே நேர்மை. இங்கே "தி" என்ற சின்னச் சொல்லுக்குக்கூட வேலை இருக்கிறது. "தி" போட்டால் குறிப்பிட்ட அந்த மாணவர்கள், போடாவிட்டால் பொதுவாக மாணவர் இனமே.

காரணம் சொல்லும் வினைகளிலும் இதே கவனம் வேண்டும். நிறையப் படிப்பவர்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று நம் கருத்தாய்வில் தெரிந்தால் "ரீடிங் காஸஸ்" அல்லது "ரீடிங் லீட்ஸ் டூ" என்று எழுத நமக்கு உரிமை இல்லை. ஒருவேளை நல்ல மதிப்பெண் வாங்குபவர்களுக்குத்தான் படிக்கப் பிடிக்கிறதோ என்னவோ. "இஸ் லிங்க்ட் டூ", "இஸ் அசோசியேட்டட் வித்", "டென்ட் டூ" என்ற சொற்கள் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று மட்டும் சொல்கின்றன. வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே நமக்கு எவ்வளவு தெரியும் என்று ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு பேச்சு, முன்னும் பின்னும்

ஒரு குழு வகுப்பில் கருத்தாய்வு நடத்தியது. 40 பேரிடம் தாள் கொடுத்தார்கள், 32 பேர் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் 20 பேர் காகிதத்தைவிடத் திரையில்தான் அதிகம் படிக்கிறோம் என்றார்கள். முதல் முயற்சியில் அவர்கள் எழுதியது: "சிக்ஸ்டி டூ பாயின்ட் ஃபைவ் பர்சென்ட் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ரீடிங் இன் ஸ்க்ரீன் அண்ட் பேப்பர் ரீடிங் இஸ் டையிங்."

இதை நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பிரித்தோம். "பர்சென்ட்" என்பதற்குப் பின்னால் "ஆஃப்" இல்லை, அடித்தளமும் இல்லை. 32 பேரை வைத்து 62.5 என்று தசமம் போடுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறது. வழக்கத்தைச் சொல்ல "ஆர் ரீடிங்" சரிப்படாது, "ரீட்" போதும். திரையில் என்பதற்கு "இன்" வராது, "ஆன்". அப்புறம் "டையிங்": காகிதம் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முந்தைய ஆண்டின் எண் ஒன்றாவது வேண்டாமா? ஒரே ஒரு நாள் கேட்ட கேள்வியில் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

திருத்திய வடிவம் இப்படி வந்தது: "வி ஆஸ்க்ட் ஃபார்ட்டி ஸ்டூடன்ட்ஸ், அண்ட் தர்ட்டி டூ ஆன்சர்ட். ட்வென்டி ஆஃப் தெம், ஆர் ஜஸ்ட் ஓவர் சிக்ஸ்டி பர்சென்ட், ரீட் மோர் ஆன் ஸ்க்ரீன் தேன் ஆன் பேப்பர்." பேசியவர் "ஆன்சர்ட்" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினார், "சிக்ஸ்டி" என்பதில் முதல் அசையை அழுத்தினார். சொல்லும்போதே படத்தில் அந்தப் பட்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

முடித்ததும் ஒருவர் கேட்டார், மீதி எட்டுப் பேர் என்ன படிக்கிறார்கள் என்று. பேசியவர் ஒரு கணம் தன் தாளைப் பார்த்தார். அதில் விடை இல்லை. "தே டிட் நாட் ஆன்சர், சோ வி கான்ட் சே" என்றார். அவர் அன்று சொன்ன வாக்கியங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அடுத்த வகுப்பில் எல்லாரையும் அதை இரண்டு முறை சொல்ல வைத்தேன்.